20 வாட்தானா? என்ஏடி 3020 பற்றி நீளமாக ஒரு பதிவு

ஷெல்ஃபில் இருக்கும் என் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்?" என்பதுதான். இருபது என்று சொன்னதும் முகத்தில் லேசாக ஒரு பரிதாபம் வரும். "சரி, சின்ன ரூமுக்குப் போதும்ல" என்று ஆறுதல் வேறு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிஎம்பிஓ (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) 1000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உள்ளங்கையில் அடங்கும் புளூடூத் ஸ்பீக்கரே இன்று 30, 40 என்று போட்டுக்கொள்கிறது. இவ்வளவு பெரிய பெட்டி சேனலுக்கு (இடது, வலது என ஒவ்வொரு பக்கத்துக்கும்) வெறும் 20 வாட் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒவ்வொருவரிடமும் வாயால் விளக்கி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெட்டியின் பெயர் என்ஏடி 3020. 1978-இல் வந்தது. வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வே நாட்டுப் பொறியாளர். நிறுவனம் 1972-இல் தொடங்கியது, 'நியூ அக்கவுஸ்டிக் டைமன்ஷன்' என்பதன் சுருக்கம்தான் என்ஏடி. சாம்பல் நிற முகப்பு, பளபளக்கிற அலுமினியம் கிடையாது, ஊசி ஆடும் மீட்டர் கிடையாது, எடை ஐந்து கிலோ சொச்சம். கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் கண் இதன் மேல் படாமலே தாண்டிப் போய்விடும். ஆனால் ஹைஃபை வரலாற்றிலேயே அதிகம் விற்ற ஆம்ப்ளிஃபயர்களில் இது ஒன்று.

அதே 1978-இல் பயனியர் நிறுவனத்தின் எஸ்எக்ஸ்-1980 ரிசீவர் (ரேடியோவும் சேர்ந்த ஆம்ப்) வந்தது. சேனலுக்கு 270 வாட், எடை ஏறக்குறைய 35 கிலோ. எழுபதுகளின் பிற்பாதியில் ஜப்பானிய நிறுவனங்களுக்குள் நடந்த வாட் போட்டியின் உச்சத்தில் நிற்கிற பெட்டி அது. இந்தப் போட்டிக்கு ஒரு காரணம், 1974-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்த விதி. அதற்கு முன்னால் ஆளாளுக்கு 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மூர்... இல்லை, எல்லா ஊர் பிஎம்பிஓவுக்கும் அதுதான் பெரியப்பா. இனிமேல் இரண்டு சேனலையும் ஒரே நேரத்தில் ஓட்டி, எத்தனை ஓம் சுமையில் (ஸ்பீக்கர் காட்டும் மின்தடை), எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை, எவ்வளவு டிஸ்டார்ஷனுக்குள் (ஒலித் திரிபு) என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வாட் எண்ணை அச்சடிக்க வேண்டும் என்றது அந்த விதி. அதோடு, அளப்பதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றவும் சொன்னது. கிளாஸ் ஏபி (இரண்டு ட்ரான்சிஸ்டர்கள் அலையைப் பாதி பாதியாகப் பார்த்துக்கொள்ளும் முறை) ஆம்பில் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் அதிகம் கொதிப்பது முழு பவரில் இல்லை, பாதிக்கும் கீழே எங்கோதான்; மூன்றில் ஒரு பங்கு என்பது அந்தக் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் இடம். பல ஆம்ப்களுக்கு இந்த ஒரு மணி நேரமே பெரிய சோதனை. ஆக அந்தக் காலத்து 20 வாட் என்பது இப்படி வறுத்தெடுத்து வாங்கிய எண். இன்றைய டப்பாவில் ஒட்டியிருக்கும் 40-ஓடு அதை நேராக ஒப்பிடவே முடியாது.

சரி, 20-க்கும் 270-க்கும் காதில் எவ்வளவு வித்தியாசம்? பதின்மூன்று மடங்குக்கு மேல் பவர், ஆனால் டெசிபலில் கணக்குப் போட்டால் சுமார் 11.3. பவர் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். எனவே அந்த 35 கிலோ அரக்கன் இந்த ஐந்து கிலோ பெட்டியைவிட அதிகபட்சமாக இரண்டு மடங்கும் கொஞ்சமும்தான் சத்தம் போடும். 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் உள்ள வித்தியாசமோ வால்யூம் நாப்பை ஒரு சின்னத் திருகு திருகுவதுதான்.

இன்னொரு பக்கமும் பார்க்கணும். 88 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் கொடுக்கும். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்க அதுவே நல்ல சத்தம். பெரும்பாலான நேரம் ஆம்ப் ஒரு வாட்டுக்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பாதவர்களுக்கு 3020-இன் முகப்பிலேயே சாட்சி இருக்கிறது: 1, 5, 10, 20, 35 வாட் என்று குறித்த ஐந்து குட்டி எல்ஈடிகள். பேச வந்தவர்கள் குரலை உயர்த்திப் பேசுகிற அளவுக்குப் பாட்டு ஓடும்போதுகூட முதல் விளக்கு விட்டுவிட்டுத்தான் எரியும். (இது வோல்டேஜை அளந்து 8 ஓம் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு, ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் உண்மையான வாட் காட்டுவதைவிட இரு மடங்கு. அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்படியானால் ஒரு வாட் ஆம்ப் போதுமா என்று கேட்டால், போதாது. இசை சீராக ஓடுகிற விஷயம் இல்லை. சராசரி ஒரு வாட்டில் போய்க்கொண்டிருக்கும்போது மிருதங்கத்தின் ஒரு சாப்பு, டிரம்ஸில் ஒரு அடி, பியானோவின் ஒரு கட்டை, சராசரியைவிட 10, 15 டெசிபல் மேலே ஒரு நொடியின் சிறு துளிக்குள் எகிறி இறங்கும். 10 டெசிபல் என்றால் 10 வாட், 15 என்றால் 30 வாட்டுக்கும் மேல். அந்தச் சில மில்லி விநாடிக்கு ஆம்ப் கொடுக்க முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி. 3020 என்ற பெட்டியின் சூட்சுமமே இங்கேதான் என்பது என் கட்சி.

இந்த ஆம்பின் பவர் சப்ளை ரெகுலேட்டட் (வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைப்பது) கிடையாது. ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், மின்னைச் சேர்த்துவைக்கும் இரண்டு பெரிய கண்டென்சர், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் உயரத்தில் நிற்கும், தொடர்ந்து உறிஞ்சினால் இறங்கும். மோட்டார் மெதுவாகத் தண்ணீர் ஏற்றினாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் ஒரு நிமிடம் வேகமாக வருமே, அந்தக் கதை. தொடர்ந்து சைன் வேவ் (ஒரே அதிர்வெண்ணில் சீராக ஓடும் அலை) போட்டு அளந்தால் 20 வாட். குறுகிய அடிக்கு அதைவிட எவ்வளவோ மேலே போகும். இதை அளக்க 1978-இல் வந்த, ஐஎச்எஃப் என்ற அமெரிக்க ஹைஃபை அமைப்பின் முறையில் 'டைனமிக் ஹெட்ரூம்' என்று ஒரு எண் உண்டு: அரை விநாடிக்கு ஒருமுறை 20 மில்லி விநாடி மட்டும் முழு வீச்சில் 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். 3020-க்கு இது சுமார் 3 டெசிபல், அதாவது 8 ஓமில் 40 வாட் பக்கம். முகப்பில் 20-க்கு மேலே 35 என்று இன்னொரு எல்ஈடி ஏன் இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது கரண்ட். 8 ஓமில் 20 வாட் என்றால் 12.65 வோல்ட், உச்சத்தில் 18 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்ட் உச்சத்தில் இரண்டே கால் ஆம்பியர். காகிதத்தில் சின்ன எண்கள்தான். ஆனால் ஸ்பீக்கர் என்பது ரெசிஸ்டர் இல்லையே. பின்னால் 8 ஓம் என்று எழுதியிருக்கும், அளந்தால் ஒரு அதிர்வெண்ணில் 30 ஓம், இன்னொன்றில் 4 ஓம் என்று மலையும் பள்ளமுமாக இருக்கும், வோல்டேஜும் கரண்ட்டும் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே ஓடும். அந்தப் பள்ளத்தில் ஆம்ப் திணறினால் எத்தனை வாட் எழுதியிருந்தும் பிரயோஜனம் இல்லை. எட்வர்ட்சன் இதற்காக அவுட்புட்டில் போட்டது 2என்3055, எம்ஜே2955 ஜோடி. எலக்ட்ரானிக்ஸில் கை வைத்த எல்லோருக்கும் 3055 தெரியும். பெரிய உலோகத் தொப்பி, இரண்டு கால், அறுபதுகளில் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த ட்ரான்சிஸ்டர். 15 ஆம்பியர், 60 வோல்ட், கேஸ் 25 டிகிரியில் இருந்தால் 115 வாட் தாங்கும். 20 வாட் ஆம்புக்கு இது ரொம்பவே தாராளம். மெலிசான ட்ரான்சிஸ்டரைப் போட்டு, அது எரியாமல் இருக்க முரட்டுத்தனமான கரண்ட் லிமிட்டரைக் கட்டி, அந்த லிமிட்டர் கஷ்டமான ஸ்பீக்கரில் டிக் டிக் என்று குறுக்கே விழுவதைவிட இது எவ்வளவோ தேவலை.

அதையும் மீறி வால்யூமைத் திருகினால்? சாதாரண ஆம்பில் அலையின் தலை கத்தியால் சீவின மாதிரி தட்டையாகிவிடும். அதுதான் கிளிப்பிங். 'சின்ன ஆம்ப் போட்டால் ட்வீட்டர் (ட்ரெபிளுக்கான குட்டி ஸ்பீக்கர்) போய்விடும்' என்று எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைப் பாதிதான் சொல்வார்கள். தட்டையான அலையில் புதிதாக உயர் அதிர்வெண்கள் பிறக்கின்றன என்பது சரி. ஆனால் பெரிய சேதம் வேறு வழியிலும் வருகிறது. ஒரே உச்ச அளவுள்ள சைன் வேவைவிடச் சதுர அலைக்கு இரண்டு மடங்கு பவர், ஆக 20 வாட் ஆம்பை முழுசாக நசுக்கி ஓட்டினால் அது 40 வாட் பக்கம் தள்ளும். கூடவே, பாஸ் ஏற்கெனவே உச்சியைத் தொட்டு அங்கேயே நின்றுவிட, வால்யூமை ஏற்ற ஏற்ற ட்ரெபிள் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ட்வீட்டருக்குப் போகும் சராசரி பவர் அது கட்டப்பட்ட கணக்கைத் தாண்டிவிடும். 3020-இன் பின்பக்கம் 'சாஃப்ட் கிளிப்பிங்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. போட்டுவிட்டால் சிக்னல் உச்சியை நெருங்கும்போதே அதன் தலையை மெல்ல வளைத்துவிடும், கூர்மையாக வெட்டாது. டிஸ்டார்ஷன் இல்லாமல் போவதில்லை, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக வரும், காதை அறுக்காது. அமைதியாகக் கேட்கும்போது அணைத்து வைத்துக்கொள்ளலாம், பத்துப் பேர் கூடி ஆடுகிற நாளில் போட்டுவிடலாம். இந்த மாதிரி 'இவர்கள் எப்படியும் அத்துமீறத்தான் போகிறார்கள்' என்று முன்கூட்டி யோசித்த வடிவமைப்பாளர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முகப்பில் பாஸ், ட்ரெபிள், பேலன்ஸ், வால்யூம், லவுட்னெஸ் எல்லாம் உண்டு. 'சுத்தமான' ஆம்பில் டோன் கன்ட்ரோலே இருக்கக் கூடாது என்று எண்பதுகளில் ஒரு மதம் கிளம்பியது. நான் அதில் சேரவில்லை. அந்தக் காலத்து ஆம்ப்களில் இருக்கும் டோன் கன்ட்ரோல்கள் பெரும்பாலும் 1952-இல் பீட்டர் பாக்ஸாண்டால் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் வெளியிட்ட சர்க்யூட்டின் வம்சம். நடுவில் நிறுத்தினால் நேர்கோடு, திருப்பினால் இரண்டு முனையும் மென்மையாக ஏறும் இறங்கும். மோசமாக மாஸ்டர் செய்த ரெக்கார்டுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. லவுட்னெஸ் பட்டனுக்குப் பின்னால் பெல் லேப்ஸில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கிறது. சத்தம் குறையக் குறையக் காதுக்குப் பாஸ் வேகமாகக் காணாமல் போகும் என்பது அதன் சாரம். ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது போட்டுக்கொள்ளவேண்டிய பட்டனை வைத்துக்கொண்டு, பகலில் முழு சத்தத்தில் அழுத்திவிட்டு 'பாஸ் கொழகொழ என்று இருக்கிறது' என்று புலம்புகிறவர்கள் உண்டு.

ஃபோனோவுக்கு, அதாவது ரெக்கார்டு பிளேயரை மாட்டும் இன்புட்டுக்கு வருவோம். இந்தப் பெட்டிக்கு டர்ன்டேபிள்காரர்கள் மத்தியில் இருக்கும் மரியாதைக்குப் பாதிக் காரணம் இது. மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் ஒரு வகைப் பகுதி) கொடுப்பது சில மில்லிவோல்ட், ட்யூனர், டேப் கொடுப்பது நூற்றுக்கணக்கில். அந்த வித்தியாசத்தை நிரப்பினால் மட்டும் போதாது. ரெக்கார்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிவார்கள், இல்லாவிட்டால் பாஸ் பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும், ட்ரெபிள் தேய்மானச் சத்தத்தில் மூழ்கிவிடும். ஆர்ஐஏஏ வளைவு என்பது இதைத் திருப்பிப் போடுகிற கணக்கு: 1 கிலோஹெர்ட்ஸை நடுவாக வைத்தால் 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபலுக்கு மேல் ஏற்றி, 20 கிலோஹெர்ட்ஸில் 19 டெசிபலுக்கு மேல் இறக்க வேண்டும். 3180, 318, 75 மைக்ரோ விநாடி என்ற மூன்று டைம் கான்ஸ்டன்ட்கள். ஒரு ரெசிஸ்டர் அல்லது கண்டென்சர் மதிப்பு தடம் மாறினாலே குரலின் குணம் மாறும், இடது வலது மாறினால் பாடகர் நடுவில் நிற்கமாட்டார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, கேபிள். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் காயிலின் இண்டக்டன்ஸ் அரை ஹென்றி வைத்துக்கொள்ளுங்கள். டோன்ஆர்ம் வயர், கேபிள், ஆம்ப் இன்புட் எல்லாம் சேர்ந்து 200 பிக்கோஃபாரட் என்றால் இரண்டும் சேர்ந்து 16 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு எழுப்பும். கேபிளை நீளமாக்கி 300 ஆக்கிவிட்டால் மேடு 13 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வந்துவிடும், அதுவும் காதில் படுகிற இடத்துக்கு. 47 கிலோஓம் இன்புட் அந்த மேட்டை அடக்கிப் பிடிக்கத்தான் இருக்கிறது, ஆனால் அதனால் முடிந்தது ஓரளவுதான். 'இந்த ஆம்பின் ஃபோனோ கரகரப்பாக இருக்கிறது, அந்த ஆம்பு இனிமை' என்கிற சண்டைகளில் பாதி, கார்ட்ரிட்ஜோடு கெப்பாசிட்டன்ஸ் ஒத்துப்போகாத சண்டைதான் என்று நினைக்கிறேன். ஒரே கார்ட்ரிட்ஜை ஒரு மீட்டர் கேபிளிலும் இரண்டு மீட்டர் கேபிளிலும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பின்பக்கம் திருப்பினால் சிலருக்குக் குழப்பம் தரும் ஒரு விஷயம்: ஆர்சிஏ சாக்கெட்டுகளில் (ஆடியோ கேபிள் செருகும் வட்டத் துளைகள்) யு வடிவத்தில் இரண்டு உலோகக் கொக்கிகள் செருகியிருக்கும். ப்ரீஆம்ப் (வால்யூம், டோன் எல்லாம் பார்த்துக்கொள்ளும் முன்பகுதி) ஒரு சாக்கெட்டில் வெளியே வந்து, கொக்கி வழியாக அடுத்த சாக்கெட்டில் பவர் ஆம்புக்குள் போகிறது. கொக்கியைக் கழற்றினால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கருவிகளும் தனித்தனியாகிவிடும். என்னிடம் இப்போது இருப்பது 'டெட், பார்ட்ஸுக்கு மட்டும்' என்று சொல்லி விற்கப்பட்டது. விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. திருப்பிப் பார்த்தால் கொக்கிகளைக் காணோம், யாரோ துடைக்கும்போது கழற்றியவர் திருப்பிச் செருகவில்லை. ஒரு குட்டை ஆர்சிஏ கேபிள் போட்டதும் பாட ஆரம்பித்துவிட்டது. கொக்கி இருந்தாலும் அது துருப்பிடித்து ஒரு சேனல் விட்டுவிட்டு வருவது சகஜம், பழைய ஆம்ப் எதிலும் ஒரு பக்கம் சத்தம் வரவில்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் முதலில் இதைத் தேய்த்துப் பாருங்கள்.

பவர் ஆம்புக்குள் போக இங்கே 'நார்மல் இன்', 'லேப் இன்' என்று இரண்டு வழி. நார்மலில் காதுக்கு எட்டாத கீழ் அதிர்வெண்களையும் மேல் அதிர்வெண்களையும் வடிகட்டிவிட்டு அனுப்பும், லேபில் நேராக. பார்த்தவுடன் எல்லோரும் லேபுக்குத்தான் போவார்கள், 'நேராக' என்ற சொல்லின் மோகம். டர்ன்டேபிள் வைத்திருக்கிறீர்கள் என்றால் நார்மலிலேயே இருங்கள். லேசாக வளைந்த ரெக்கார்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசியை மேலும் கீழும் ஆட்டும், டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸில் தமக்கென்று ஒரு அதிர்வு வைத்திருக்கும். ஆர்ஐஏஏ வேறு கீழ்ப்பக்கத்தைத் தூக்கி விடுகிறது. போர்ட் (காற்றுத் துளை) வைத்த ஸ்பீக்கரில் வூஃபர் (பாஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) கோன் சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் பம்முவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தப் பம்மலுக்குச் செலவாகும் கரண்ட் 20 வாட்டிலிருந்துதானே போகிறது! கேட்காத சத்தத்துக்குப் பவரைக் கொடுக்காமல் இருப்பதும் ஒரு வகையில் பவரைக் கூட்டுவதுதான்.

ஸ்பெக் ஷீட்டில் நான் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் எண்களும் உண்டு. டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸால் வகுத்த எண்) 50-ஆ 500-ஆ என்று சண்டை போடுவார்கள். 8 ஓமில் 50 என்றால் ஆம்பின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் 0.16 ஓம், 500 என்றால் 0.016. ஸ்பீக்கர் காயிலின் சொந்த ரெசிஸ்டன்ஸே 6 ஓம் பக்கம் இருக்கும்போது இந்த 0.14 ஓம் வித்தியாசம் எங்கே போய் நிற்கும்? டிஸ்டார்ஷனும் அப்படித்தான், 0.02 சதவீதத்துக்கும் 0.002-க்கும் காது தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த எண்ணைப் பூஜ்யத்தை நோக்கித் தள்ளுவதற்காக எழுபதுகளில் நெகட்டிவ் ஃபீட்பேக்கை (அவுட்புட்டைத் திருப்பி இன்புட்டோடு ஒப்பிட்டுப் பிழையைக் குறைக்கும் வழி) அள்ளிப் போட்டார்கள். ஃபின்லாந்தைச் சேர்ந்த மாட்டி ஒட்டாலா 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார்: மெதுவான ஆம்பைச் சுற்றி அதிக ஃபீட்பேக் கட்டினால், திடீரென்று ஏறும் சிக்னலுக்கு அது ஈடுகொடுக்க முடியாமல் உள்ளேயே முட்டிக்கொள்ளும் என்று. நிலையான சைன் வேவில் அளந்தால் அது பிடிபடாது. பிறகு பெரிய விவாதமெல்லாம் நடந்தது. கணக்குப் போட்டால் விஷயம் எளிமையானது, 20 வாட் ஆம்ப் 20 கிலோஹெர்ட்ஸில் முழு வீச்சில் ஆடவே மைக்ரோ விநாடிக்கு இரண்டே கால் வோல்ட் வேகம் போதும். 270 வாட்டுக்கு அதைவிட மூன்றரை மடங்குக்கும் மேல் வேண்டும். சின்ன ஆம்பாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியமும் உண்டு.

வாங்க நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன், இது 3020-க்கு மட்டுமில்லை, அந்த வயதுடைய எந்த ஆம்புக்கும் பொருந்தும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த ஆம்பை நேராக மெயின்ஸில் செருகாதீர்கள். சீரிஸ் பல்பு (மெயின்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவில் தொடராக ஒரு பல்பு) போட்டு ஏற்றுங்கள், 60 வாட் குண்டு பல்பு போதும், எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. ஸ்விட்ச் போட்டவுடன் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, கண்டென்சர் நிரம்பிய வேலை அது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் திறந்து பார்க்க வேண்டியதுதான். பல்பு மங்கியது என்று உடனே ஸ்பீக்கரை மாட்டிவிடாதீர்கள், அவுட்புட்டில் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் சரி, வோல்ட் கணக்கில் இருந்தால் வூஃபர் காயில் வெந்துவிடும்.

வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகர சத்தத்துக்குக் கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் போதும் என்பார்கள், தொண்ணூறு சதவீதம் உண்மைதான். அடித்த பிறகும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தால் பாட் (வால்யூம் நாப்புக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) மேல் பழி போடாதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர் கசிந்து அந்தப் பாட் மேல் டிசி ஏறுகிறது. அந்தக் கண்டென்சரை மாற்றினால் கரகரப்பும் போய்விடும்.

பயஸ் என்று ஒரு விஷயம் இருக்கிறது, இதை மட்டும் தெரியாமல் தொடாதீர்கள். கிளாஸ் ஏபியில் ஒரு ட்ரான்சிஸ்டர் மேல் பாதியையும் இன்னொன்று கீழ்ப் பாதியையும் பார்த்துக்கொள்கின்றன. இரண்டும் கைமாற்றும் இடத்தில் இடைவெளி வராமல் இருக்கச் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடவேண்டும். குறைந்தால் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன், அதுவும் மெதுவாகக் கேட்கும்போதுதான் அதிகம் உறுத்தும், தம்புராவின் ரீங்காரம் தேய்ந்து முடிகிற இடத்தில் மணல் கலந்தது போலக் கேட்கும். கூடினால் ஹீட் சிங்க் கொதிக்கும். எமிட்டர் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மில்லிவோல்ட்டை அளந்து, ஓமால் வகுத்தால் கரண்ட் வரும், 0.22 ஓமில் 4.4 மில்லிவோல்ட் என்றால் 20 மில்லி ஆம்பியர். எவ்வளவு வைக்கவேண்டும் என்பதை அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து வையுங்கள். பயஸைத் திருகி வைக்கும் குட்டி ட்ரிம் பாட் பழசாகி அதன் முள் தேய்ந்து தொடர்பு விட்டால், சில சர்க்யூட்களில் பயஸ் உச்சத்துக்கு ஓடி அவுட்புட் ட்ரான்சிஸ்டரைக் காவு வாங்கிவிடும், எனவே அதையும் மாற்றிவிடுவது உத்தமம்.

போன ட்ரான்சிஸ்டருக்குப் பதில் போடும்போது போலிகளைக் கவனியுங்கள். 2என்3055 அதிகம் போலி அடிக்கப்படும் எண்களில் ஒன்று. தொப்பியை அறுத்துப் பார்த்தால் உள்ளே சில்லு சுண்டைக்காயில் பாதிகூட இருக்காது, சாதாரண சத்தத்தில் பல நாள் ஒழுங்காக ஓடும், நாம் மேலே பேசிய அந்த ஒரு அடிக்கு எகிறும்போது செத்துவிடும். இன்னொரு விஷயம், எல்லா கண்டென்சரையும் பிடுங்கி மாற்றுகிற வெறி. எலக்ட்ரோலிட்டிக் காய்ந்து போகும், அதை மாற்ற வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபோனோ வளைவைத் தீர்மானிக்கிற ஃபிலிம் கண்டென்சர்களுக்கு வயதானாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 'அப்கிரேட்' என்று அவற்றை எடுத்துவிட்டு வேறு டாலரன்ஸில் போட்டு, ஆர்ஐஏஏ வளைவைக் கெடுத்து வைத்திருக்கும் பெட்டிகள் நிறைய சுற்றுகின்றன.

கடைசியாக, இன்றைய கருவிகளோடு சேர்க்கும்போது வரும் ஒரு தொல்லை. இந்த ஆம்பின் ஆக்ஸ், டேப் இன்புட்கள் 150 மில்லிவோல்ட் பக்கம் கொடுத்தாலே முழு பவரைத் தொடும்படி கட்டியவை. இன்றைய டிஏசி (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக்கும் கருவி), சிடி பிளேயர் எல்லாம் 2 வோல்ட் கொடுக்கும், 22 டெசிபல் அதிகம். விளைவு, வால்யூம் நாப் கடிகார எட்டு மணியைத் தாண்டினாலே அறை அதிரும், நீங்கள் எப்போதும் அந்த முதல் கால் அங்குலத்துக்குள்ளேயே அல்லாட வேண்டும். கார்பன் பாட்டின் அந்த அடிப்பகுதியில்தான் இடது வலது சமமாக இருக்காது, பாட்டு ஒரு பக்கமாகச் சாயும். 'பழைய ஆம்ப், பேலன்ஸ் போய்விட்டது' என்று விற்றுவிடுகிறார்கள், பாவம். சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் வாங்கி, 9 கிலோஓம் தொடரிலும் 1 கிலோஓம் கிரவுண்டுக்கும் போட்டால் 20 டெசிபல் குறையும். ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே அடங்கிவிடும். நாப் பன்னிரண்டு மணிக்கு வரும், பேலன்ஸும் தானாகச் சரியாகிவிடும். துல்லியமாக 9 கிலோ கிடைக்காவிட்டால் 9.1 போடுங்கள், காதுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே மதிப்பாக இருக்கிறதா என்று மட்டும் மீட்டரில் பார்த்துவிட்டுச் சால்டர் வையுங்கள்.